விருந்து மேசை: எது எங்கே, ஏன்?

1800 வாக்கில் பாரிஸில் ஒரு சீமான் வீட்டு விருந்துக்குப் போனால், நாற்காலியில் உட்காரும் முன்பே மேசை நிரம்பியிருக்கும். சூப்பு, மீன், வாட்டிய வாத்து, காய்கறி என்று பல பாத்திரங்கள் ஒரே சமயத்தில், இடமும் வலமும் ஒத்துப்போகும்படி பரப்பப்பட்டிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் கைக்கு எட்டியதைத்தான் எடுத்துச் சாப்பிட முடியும். எதிர்க்கோடியில் இருக்கும் வாத்து வேண்டுமென்றால் பணியாளை அனுப்ப வேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்திருக்கும்.

இதை மாற்றியது ரஷ்யர்களின் பரிமாறும் முறை. பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த இளவரசர் அலெக்சாண்டர் குராகின் 1810 வாக்கில் இதை அங்கே அறிமுகப்படுத்தினார் என்று சமையல் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இறைச்சியை உள்ளேயே வெட்டி, ஒரு பதார்த்தம் முடிந்தபின் அடுத்தது என்று ஒவ்வொருவருக்கும் சூடாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சமையற்கலைஞர் உர்பேன் துபுவா 1860-களில் இந்த முறையைப் பரப்பினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டனின் பெரிய வீடுகளிலும் இதுவே வழக்கமாகிவிட்டது.

நட்சத்திர ஓட்டலில் முதன்முறை உட்காருபவரைத் திகைக்கவைக்கும் மேசை அமைப்பு பெரும்பாலும் இந்த மாற்றத்தின் விளைவு. பாத்திரங்கள் போனதும் மேசையின் நடுப்பகுதி காலியானது. அங்கே பூக்களும் மெழுகுவத்தித் தண்டுகளும் வந்து அமர்ந்தன. அடுத்து என்ன வரும் என்று விருந்தினருக்குத் தெரியவேண்டும் என்பதால் மெனு அட்டை வந்தது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனிக் கத்தியும் முள்கரண்டியும் தேவைப்பட்டதால், அவற்றை முன்கூட்டியே வரிசையாக அடுக்கினார்கள். ஆகவே விருந்து மேசை என்பது ரயில் நிலையத்து அட்டவணை போன்றது. படிக்கத் தெரிந்தவர் மெனு அட்டையைப் பார்க்காமலேயே என்னென்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுவார்.

படிப்பது எளிது. வெளியே இருப்பதை முதலில் எடுக்க வேண்டும், பிறகு தட்டை நோக்கி உள்ளே வரவேண்டும். வலப்பக்கக் கடைசியில் உருண்டை வாய் ஸ்பூன் இருந்தால் முதலில் சூப். அதற்கு உள்ளே அகலமான, கூர்மழுங்கிய கத்தி இருந்தால் அடுத்தது மீன். தட்டை ஒட்டியிருக்கும் பெரிய கத்தியும் முள்கரண்டியும் முக்கிய உணவுக்கு. வெட்டும் கை வலக்கை என்பதால் கத்தி வலப்பக்கம், பிடித்துக்கொள்ளும் முள்கரண்டி இடப்பக்கம். கத்தியின் வாய் எப்போதும் தட்டைப் பார்த்திருக்கும், பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திரும்பாது. பெரிய கத்தியின் நுனிக்கு நேர்மேலே தண்ணீர்க் கோப்பை. ரொட்டித் தட்டு இடப்பக்கம். வட்ட மேசையில் எந்த ரொட்டி யாருடையது என்ற குழப்பம் அடிக்கடி வரும். உணவு இடது, பானம் வலது என்று நினைவில் வைத்தால் தீர்ந்தது. சிப்பி உண்ணும் குட்டி முள்கரண்டி மட்டும் விதிவிலக்கு, அது வலப்பக்கம் ஸ்பூனுக்கு அருகில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் தட்டுக்கு மேலே இருக்கிறது. அங்கே இனிப்புக்கான ஸ்பூனும் முள்கரண்டியும் குறுக்கே கிடக்கும். ஸ்பூனின் கைப்பிடி வலப்பக்கம் பார்க்கும், முள்கரண்டியின் கைப்பிடி இடப்பக்கம் பார்க்கும். முக்கிய உணவுத் தட்டை எடுத்தபின், பரிமாறுபவர் இரண்டையும் அப்படியே கீழே இழுத்து வைத்தால், ஸ்பூன் வலக்கைக்கும் முள்கரண்டி இடக்கைக்கும் நேராக வந்துவிடும். யோசித்து யோசித்துச் செதுக்கிய கைவேலை இது.

இந்தக் கருவிகளில் கத்தியும் ஸ்பூனும் பழையவை. முள்கரண்டிதான் தாமதமாக வந்த விருந்தாளி. பதினோராம் நூற்றாண்டில் வெனிஸுக்கு மணமுடித்து வந்த பைசாந்திய இளவரசி ஒருத்தி பொன் முள்கரண்டியால் உண்டதை, பீட்டர் டேமியன் என்ற பாதிரியார் ஆடம்பரம் என்று கண்டித்து எழுதினார். இங்கிலாந்துக்கு அது வந்த கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயப் பயணி இத்தாலியில் முள்கரண்டி உபயோகத்தைப் பார்த்து, 1611-இல் வெளியான தம் பயணநூலில் எழுதினார். தாமும் அதைப் பயன்படுத்தியதால் நண்பர்களின் கேலிக்கு ஆளானார். பிறகு மேற்காசியா வழியாகப் பெரும்பாலும் நடந்தே இந்தியா வந்து, அஜ்மீரில் ஜஹாங்கீரைக் கண்டு, 1617-இல் சூரத்தில் இறந்தார்.

முள்கரண்டி வந்ததும் கத்தியின் வடிவமே மாறியது. முன்பு விருந்தினர் தம் கத்தியை இடுப்பில் கொண்டுவருவார்கள். அதன் கூர்முனைதான் இறைச்சியைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோனது. அந்த வேலையை முள்கரண்டி எடுத்துக்கொண்டபின் கூர்முனைக்குத் தேவை இல்லை. பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர் 1669-இல் கூர்முனைக் கத்திகளைத் தடைசெய்தார். இன்றைய மேசைக் கத்தியின் முனை மழுங்கியிருப்பது இப்படி வந்ததுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவிகள் பெருகியதற்கு உலோகமும் ஒரு காரணம். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840-இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. வெள்ளி முலாம் பூசிய கருவிகள் நடுத்தர வீடுகளுக்கும் எட்டின. மீனுக்குத் தனிக் கத்தி வந்ததற்கு வேதியியல் காரணம் உண்டு. மீனின்மேல் எலுமிச்சை பிழிவார்கள். அந்தப் புளிப்பு அன்றைய எஃகைத் தாக்கி, மீனில் இரும்பு வாடை ஏற்றிவிடும். வெள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியபின் மீன்கத்திக்கு அவசியம் போய்விட்டது. பழக்கம் மட்டும் நிற்கிறது.

சந்தர்ப்பத்துக்கு ஏற்ப மேசை எப்படி மாறுகிறது? சென்னை தரமணியில் உள்ளது போன்ற ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகளில் மாணவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கற்கிறார்கள். ஒருவருக்கான இடத்தை ‘கவர்’ என்பார்கள். அதன் வழக்கமான அகலம் சுமார் 60 செ.மீ. மெனு முன்பே முடிவான விருந்தில் எல்லாக் கருவிகளும் முதலிலேயே அடுக்கப்படும். விருந்தினர் தாமே பார்த்து ஆர்டர் செய்யும் இடத்தில் ஒரு ஜோடி கத்தி, முள்கரண்டி, ரொட்டித் தட்டு, கோப்பை, நாப்கின் மட்டும் இருக்கும். ஆர்டர் வந்தபின் மற்றவற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். பஃபேயில் தட்டுகள் வரிசையின் தொடக்கத்தில், கருவிகளும் நாப்கினும் முடிவில். இதைத் தலைகீழாக வைக்கும் கல்யாண மண்டபங்களில், ஸ்பூனை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு சாதம் வாங்கத் தடுமாறுகிறோம்.

மாலைத் தேநீருக்கு மேசை சுருங்கிவிடும். சிறு தட்டு, சிறு கத்தி, சாஸர்மேல் கோப்பை. கோப்பையின் காது வலப்பக்கம். 1840-களில் இரவு உணவு நேரம் தள்ளிப்போனபோது, இடைப்பசிக்காக பெட்ஃபோர்ட் கோமகள் ஆன்னா தொடங்கிய வழக்கம் இது என்பார்கள்.

மறுகோடியில் பிரிட்டிஷ் அரசு விருந்து. 2009 அக்டோபரில் நம் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலுக்கு வின்ட்ஸர் கோட்டையில் எலிசபெத் அரசியார் அளித்த விருந்தும் இந்த வகைதான். அங்கே செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் ஒரே நீண்ட மேசையில் சுமார் 160 பேர் அமரலாம். மேசையை அமைக்கவே சில நாட்கள் பிடிக்கும். ஒவ்வொருவர் முன்னும் தண்ணீருக்கும் ஒயின் வகைகளுக்கும் வாழ்த்துக்கான ஷாம்பேனுக்குமாக ஆறு கோப்பைகள். இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள், ஒருவருக்குச் சுமார் 45 செ.மீ. நம்மூர் ஓட்டல் தரும் இடத்தைவிட இது குறைவு.

ஆனால் பகட்டு வேறு, முறை வேறு. அமெரிக்காவில் 1922-இல் வெளியான தம் நூலால் புகழ்பெற்ற எமிலி போஸ்ட்டின் பெயரால் வழங்கும் நெறி, ஒரே வகைக் கருவியில் மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் மேசையில் இருக்கக்கூடாது என்கிறது. சிப்பி முள்கரண்டிக்கு மட்டும் விலக்கு. பரிமாறப்போகாத உணவுக்கான கருவியை வைப்பது விருந்தினருக்குப் பொய்த்தகவல் சொல்வதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன். சூப் இல்லாத மேசையில் சூப் ஸ்பூன் அழகுக்காகக் கிடப்பதைவிட அது அலமாரியில் இருப்பது நல்லது.

வீட்டுக்கு விருந்தினரை அழைத்திருக்கிறீர்களா? முதலில் என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எதைக்கொண்டு சாப்பிடுவார்கள் என்று எதிரே குறியுங்கள். அந்தக் கருவிகளை மட்டும், சாப்பிடும் வரிசையில், வெளியிலிருந்து உள்ளே அடுக்குங்கள். பிரியாணியைக் கையால்தான் உண்ணப்போகிறார்கள் என்றால் கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீர், துடைக்கச் சுத்தமான துணி, முழங்கை இடிக்காமல் உட்கார இடம்: அதுவே முறைப்படி அமைத்த மேசை.