சுண்ணாம்புக்கல் நிலமும் கழிவகற்றலும்: யாழ்ப்பாணக் குடாநாடு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழிவகற்றலை ஆராயப் புகுவோர் முதலில் அதன் நில அமைப்பை நோக்குதல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. மயோசீன் காலச் சுண்ணாம்புக்கற் படையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். மேலுள்ள மண்படை பல இடங்களில் மெல்லியது. நிலத்தில் விடப்படும் கழிவுநீர் போதியளவு வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைச் சேர்கின்றது. ஆகவே கழிவகற்றல் இங்கு நகரசுத்திப் பிரச்சினை மட்டுமன்று, குடிநீர்ப் பிரச்சினையுமாகும்.

பழைய வேளாண்மைப் பொருளாதாரத்தில் கழிவின் பெரும்பகுதி நிலத்துக்கே மீண்டது. மாட்டெருவும் ஆட்டெருவும் புகையிலைத் தோட்டங்களுக்குச் சென்றன. பூவரசங்குழை தாழ்க்கப்பட்டது, கூரையிலும் வேலியிலும் பழுதடைந்த பனையோலை பசளையாயிற்று. எனினும் இதனைப் பொற்காலமெனக் கொள்வதற்கில்லை. நகரத்தில் வாளி மலசலகூடங்களைத் துப்புரவு செய்யும் சுமை ஒடுக்கப்பட்ட மக்கள்மீது பிறப்பின் பேரால் சுமத்தப்பட்டிருந்தது.

வாளி முறை ஒழிந்தமை சமூக முன்னேற்றமே. ஆனால் அதனிடத்தைப் பெற்ற கிடங்கு மலசலகூடம் கழிவைக் கண்ணிலிருந்து மறைத்ததேயன்றி நீரிலிருந்து விலக்கவில்லை. சிறு வளவுகளிற் கிணறும் கிடங்கும் அருகருகே அமைந்தன. தோட்டங்களில் இடப்படும் இரசாயனப் பசளையும் இதனோடு சேர்ந்தது. கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இது குறைக்கவல்லது. நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

திண்மக் கழிவின் நிலையும் இத்தகையதே. பொலித்தீனும் உணவுக்கழிவும் கலந்த நகரக் குப்பை, கடனீரேரியை அண்டிய கல்லுண்டாய் வெளியிற் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்துள்ளது. நகரின் நுகர்வால் விளைவது, நகருக்கு வெளியே வாழும் வறியோரின் அயலிற் குவிகின்றது.

2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இது பயனுடையதே. ஆயினும் மின்சக்தியைப் பெருமளவில் வேண்டும் அந்நீர், கிணற்றைக் கைவிடுவதற்கு நியாயமாகாது. கசியாத மலக்கழிவுத் தாங்கிகள், அவற்றின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள், உக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்து எருவாக்கும் வழக்கம், துப்புரவுத் தொழிலாளருக்குப் பாதுகாப்பும் தகுந்த ஊதியமும் ஆகியன ஒன்றாகத் திட்டமிடப்படல் வேண்டும். குடாநாட்டிற் கழிவுக்குச் செலவிடப்படும் பணம் குடிநீருக்குச் செலவிடப்படும் பணமே என்பதை உள்ளூராட்சி மன்றங்கள் தம் வரவுசெலவுத் திட்டங்களில் ஏற்றுக்கொள்ளும்வரை இப்பிரச்சினை தீராது என்பதே எமது முடிபு.