வேலைக்குப் போய்க்கொண்டே ஓர் அமெரிக்கப் பட்டம்: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களின் பங்குகளைப் பங்குச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். இந்தியாவில் பல்கலைக்கழகம் தொடங்க அறக்கட்டளை, சங்கம் போன்ற இலாப நோக்கமற்ற அமைப்பு வேண்டும். மிச்சப் பணத்தை உரிமையாளர்கள் பங்கு போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. (நடைமுறை வேறு கதை.) அங்கேயோ படிப்பை விற்று இலாபம் பார்ப்பது ஒளிவுமறைவில்லாத தொழில். ஃபீனிக்ஸ், ஸ்ட்ரேயர், கபெல்லா, வால்டன் எல்லாம் இந்த வகைதான். படிப்பு பெரும்பாலும் ஆன்லைனில் நடக்கும். படிப்பவர்களில் பலர் பகலில் வேலை பார்த்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் மடிக்கணினியைத் திறப்பவர்கள்.

"அதெல்லாம் பட்டம் விற்கும் கடை" என்பார்கள் ஒரு சாரார். "எங்களைப் போன்றவர்களுக்கு வேறு யார் கதவைத் திறந்தார்கள்?" என்று கேட்பார்கள் அங்கே படித்தவர்கள். இந்த இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான பதில் கடந்த இருபது ஆண்டுகளில் மாறிவிட்டது. சேர நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்பெர்லிங் என்ற பேராசிரியர் இருந்தார். காவலர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு பயிற்சித் திட்டம் நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள் படிப்பில் காட்டிய வேகம் அவரை யோசிக்கவைத்தது. இவர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு தொடங்கலாம் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். வெளியே வந்து தனியாக முயன்றவர், 1976இல் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவினார்.

தொடக்கத்தில் அங்கே சேர 23 வயது ஆகியிருக்க வேண்டும், வேலையிலும் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே பாடம், ஐந்தாறு வாரத்தில் அது முடிந்துவிடும். வகுப்பு மாலையில். பாடம் எடுப்பவர்கள் அந்தந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள். 1989இலேயே, பெரும்பாலான வீடுகளில் இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஆன்லைன் படிப்பைத் தொடங்கிவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பகலில் மட்டும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பழைய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத ஒரு கூட்டத்தை ஸ்பெர்லிங் கண்டுகொண்டார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

1994இல் தாய் நிறுவனமான அப்போலோ குழுமம் (நம் ஊர் மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) பங்குச் சந்தைக்கு வந்தது. பங்குதாரர்களுக்குக் காலாண்டுக்குக் காலாண்டு வளர்ச்சி வேண்டும். கையில் வேலையும், முன்பு கொஞ்சம் கல்லூரிப் படிப்பும், எந்தப் பதவிக்காகப் படிக்கிறோம் என்ற தெளிவும் உள்ள ஆட்கள் ஒரு நாட்டில் எத்தனை பேர்தான் இருப்பார்கள்? நிபந்தனைகள் தளர்ந்தன. 2010 வாக்கில் மாணவர் எண்ணிக்கை நாலரை லட்சத்தைத் தாண்டியது. அரிசோனாவில் ஒரு பெரிய கால்பந்து அரங்கத்துக்குத் தன் பெயரை வைக்கவும் பணம் கொடுத்தது ஃபீனிக்ஸ். அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு அணிகூடக் கிடையாது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் மத்திய அரசுக் கல்விக் கடனும்தான். இலாபக் கல்லூரிகளுக்கு 90/10 என்று ஒரு விதி உண்டு: வருவாயில் 90 விழுக்காடு வரை அரசின் மாணவர் உதவியாக இருக்கலாம், மீதி 10 வேறு வழியில் வர வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான கல்விப் பணமும் அரசுப் பணம்தான் என்றாலும், அதை அந்தப் பத்தில் சேர்த்துக் கணக்குக் காட்ட நெடுங்காலம் ஓட்டை இருந்தது. அதனால் ஒரு படைவீரர் சேர்ந்தால், அவரைக் காட்டி ஒன்பது மடங்கு அரசுப் பணத்தை வேறு மாணவர்கள் வழியாகப் பெற முடிந்தது. படைமுகாம்களைச் சுற்றி ஆள்சேர்ப்பவர்கள் வட்டமிட்டதற்குக் காரணம் தேசபக்தி இல்லை. 2021இல்தான் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது.

கல்லூரிக்குக் கட்டணம் அந்தந்தப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. படிப்பு பலித்ததா இல்லையா என்ற கவலை மாணவருடையது. உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டாம், கடனைத் தந்தாக வேண்டும். திவாலானவரின் பிற கடன்களைப் போலக் கல்விக் கடனை எளிதில் கழித்துவிடவும் அமெரிக்கச் சட்டம் விடுவதில்லை.

2012இல் டாம் ஹார்கின் தலைமையிலான செனட் குழு இப்படிப்பட்ட 30 நிறுவனங்களின் கணக்கை அலசி ஓர் அறிக்கை தந்தது. 2009 நிதியாண்டில் அவை தம் வருவாயில் 22.7 விழுக்காட்டை விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் செலவிட்டிருந்தன. இலாபம் 19.4 விழுக்காடு. கற்பித்தலுக்கு 17.2. ஆள்சேர்ப்பு வேலையில் 35,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். படித்தவருக்கு வேலை தேட உதவும் பிரிவில் இருந்தவர்கள் சுமார் 3,500 பேர். இணையத்தில் "பட்டப்படிப்பு" என்று தேடி, எங்கோ ஒரு படிவத்தில் செல்பேசி எண்ணைக் கொடுத்தவரை மறுநாளே சிலர் விடாமல் அழைப்பது ஏன், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் என்னும் உள்ளூர் அரசுக் கல்லூரி ஏன் அழைப்பதில்லை என்பதற்கு இந்த எண்களே பதில். தெருவில் கூவி வருபவரிடம் இருக்கும் காய்தான் ஊரிலேயே மலிவு என்று யாரும் நினைப்பதில்லை. படிப்பு விஷயத்தில் மட்டும் அந்த எச்சரிக்கை கழன்றுவிடுகிறது. அதே அறிக்கையின்படி, இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு இலாபக் கல்லூரிகள் வாங்கியது கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைப் போலச் சராசரியாக நான்கு மடங்கு.

அறிக்கையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு எண். 2008-09இல் சேர்ந்தவர்களில் 54 விழுக்காட்டினர் 2010 நடுப்பகுதிக்குள் பட்டம் இல்லாமலே வெளியேறிவிட்டார்கள். பாடம் தரமில்லாமல் போகிறதா, பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்ற கேள்விகள் எல்லாம் முடித்தவருக்குத்தான். முடிக்காதவருக்கு மிஞ்சுவது கடன் மட்டும். வேலை பார்ப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். ஷிஃப்ட் மாறும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஐந்து வாரப் பாடத்தில் ஒரு வாரம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

பாடம் ஆன்லைனில் நடப்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. எரிக் பெட்டிங்கரும் மூன்று ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, டிவ்ரை என்ற இலாபப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களைப் பற்றியது. ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகம். ஆன்லைனில் படித்தவர்களின் மதிப்பெண் வகுப்பறையில் படித்தவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. முன்பே மதிப்பெண் குறைவாக வாங்கியவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர் தப்பித்துக்கொள்வார்.

சரி, முடித்துவிட்டார். வேலை கொடுப்பவர் என்ன நினைக்கிறார்? டேவிட் டெமிங் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. இளநிலைப் பட்டம் கேட்ட வணிகத் துறை வேலைகளில், பெரிய ஆன்லைன் இலாபப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வைத்திருந்தவருக்கு, மதிப்பெண் பார்த்து வடிகட்டாத சாதாரண அரசுப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரியைவிட 22 விழுக்காடு குறைவாகவே அழைப்பு வந்தது. மருத்துவத் துறை வேலைகளில் இன்னொன்றும் தெரிந்தது. உரிமம் தேவைப்படும் வேலையாக இருந்தால் இந்த வேறுபாடு காணாமல் போனது. உரிமத் தேர்வு என்ற வெளிச்சான்று இருந்தால், எந்தக் கல்லூரி என்பதை முதலாளி பொருட்படுத்துவதில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. ஏற்கெனவே உரிமம் பெற்ற நர்ஸ் ஒருவருக்கு, பதவி உயர்வுக்கு இளநிலைப் பட்டம் வேண்டும் என்று மருத்துவமனை சொல்கிறது, செலவில் பாதியையும் ஏற்கிறது என்றால், இலாபப் பல்கலைக்கழகமானாலும் தயங்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது காகிதம்; அறிவும் உரிமமும் கையில் இருக்கின்றன. எதிர்ப்பக்கம், நிர்வாகப் பட்டம் வாங்கினால் எங்காவது நல்ல வேலை கிடைக்கும் என்று நம்பி, எந்த நிறுவனம், எந்தப் பதவி என்று தெரியாமல் கடன் வாங்குபவர். விளம்பரங்கள் குறிவைப்பது இவரைத்தான். மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து மாணவர்களுக்கு வேலை உருவாக்குவதுபோலத் தோன்றும் விளம்பரங்களை ஃபீனிக்ஸ் வெளியிட்டது என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2019இல் 191 மில்லியன் டாலர் மதிப்புள்ள சமரசத்தில் அது முடிந்தது. ஃபீனிக்ஸ் தன் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பட்டம் முடிப்போர் விகிதத்தைப் பார்த்து ஒரு கல்லூரியை எடைபோடுவதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய அரசுக் கணக்கு, முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிப்பவர்களை மட்டுமே எண்ணியது. பாதியில் விட்டுவிட்டுப் பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவர் அதில் வரவே மாட்டார். ஆகவே "இங்கே பத்தில் இரண்டு பேர்தான் முடிக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், எந்தப் பத்துப் பேர் என்று கேட்க வேண்டும்.

இனி, மாறிய பதிலுக்கு வருவோம். 1997இல் மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். இலாப நோக்கமில்லாதது, முழுக்க ஆன்லைன். ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் சரி; தெரிந்த பாடத்தைத் தேர்வெழுதி உடனே கடக்கலாம். வேலை அனுபவம் உள்ளவருக்கு இதில் நேரமும் பணமும் மிஞ்சும். சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர், அரிசோனா ஸ்டேட் போன்றவை பெரிய அளவில் ஆன்லைனுக்கு வந்துவிட்டன. ஸ்டார்பக்ஸ் 2014 முதல் தன் ஊழியர்களை அரிசோனா ஸ்டேட்டில் படிக்கவைக்கிறது. ஸ்பெர்லிங் காலத்தில் அவரிடம் மட்டும் கிடைத்த வசதி இன்று பல கடைகளில் கிடைக்கிறது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கக் காரணம் இல்லை.

பெயர்ப்பலகையை மட்டும் நம்புவதும் சரியில்லை. கப்லன் என்ற இலாபப் பல்கலைக்கழகத்தைப் பர்டூ அரசுப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, 2018இல் பர்டூ குளோபல் என்று பெயர் மாற்றியது. பின்னணி வேலைகளைக் கட்டணத்துக்குச் செய்வது பழைய நிறுவனமே. 2020இல் ஆஷ்ஃபோர்ட் என்ற இன்னோர் இலாபப் பல்கலைக்கழகத்தை அரிசோனா பல்கலைக்கழகம் அதே ஒரு டாலருக்கு எடுத்தது. பழைய ஆஷ்ஃபோர்ட் மாணவர்களை ஏமாற்றியது என்று 2022இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. மதிப்புள்ள பல்கலைக்கழகங்களும் ஆள்சேர்ப்பை வெளி நிறுவனங்களிடம் விட்டு, கட்டணத்தில் பங்கு கொடுப்பதுண்டு. பலகையில் "இலாப நோக்கமற்றது" என்றிருந்தாலும் போனில் பேசுபவர் யாருடைய ஆள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். கிரெடிட் 400 டாலர் என்று வைத்துக்கொண்டால் 48,000 டாலர். முதல் 60 கிரெடிட்டைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்து மாற்றிக்கொண்டால் இந்தப் பகுதி பாதியாகிவிடும். வேலை கொடுப்பவர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் படிப்புச் செலவு தரச் சட்டம் வழிசெய்கிறது. அந்த விலையில் அது நான்கு பாடத்துக்கு வரும். ஆண்டுக்கு நான்கு பாடம் மட்டும் என்று மெதுவாகப் போனால் கடனே வாங்காமல் முடிக்கவும் முடியும். வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில் போயிருக்கும் நம்மவர்களுக்கு மத்திய அரசுக் கடனோ உதவித்தொகையோ கிடையாது. கைப்பணம்தான் என்பதால் இந்தக் கணக்கை அவர்கள் இரண்டு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் கேட்க வேண்டும்: இங்கே வாங்கும் கிரெடிட்டை, நாளை நான் மாற விரும்பும் அரசுப் பல்கலைக்கழகம் ஏற்குமா? இதை இலாபக் கல்லூரியிடம் கேட்டுப் பயனில்லை. அந்த அரசுப் பல்கலைக்கழகத்திடமே கேட்க வேண்டும். ஆசிரியர், ஆலோசகர் போன்ற உரிமம் தேவைப்படும் வேலை என்றால், இந்தப் படிப்பைத் தன் மாநிலத்து உரிம வாரியம் ஏற்கிறதா என்று வாரியத்திடமே கேட்க வேண்டும். கட்டணம், கடன், படித்தவர்களின் வருமானம் பற்றிய விவரங்கள் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற பட்டியலில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சேர்வது என்று முடிவெடுத்த பிறகும் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அரசு உதவியோடு படிப்பவர் பருவத்தின் 60 விழுக்காடு கடப்பதற்குள் விலகினால், உதவிப் பணத்தில் ஒரு பகுதி அரசுக்குத் திரும்பிப் போகும். ஆனால் கல்லூரி தன் கட்டணத்தை அதே அளவில் குறைக்க வேண்டிய கட்டாயமில்லை. வித்தியாசம் மாணவர் தலையில் விழும். எந்த வாரத்தில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணையைப் போனில் சொல்லக் கேட்டுக்கொண்டால் போதாது. எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடலாம்.