துளையில்லாத மாம்பழத்துக்குள் வண்டு எப்படி வந்தது?

தோலில் ஒரு கீறல்கூட இல்லாத நீலம் மாம்பழத்தை அறுத்தால், சில நேரம் கொட்டையிலிருந்து கரிய வண்டு ஒன்று ஊர்ந்து வரும். அதற்குக் கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. மாங்காய் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சாக இருந்தபோதே தோப்பில் நடந்துவிட்ட வேலை அது.

மாங்கொட்டைக் கூன்வண்டு பிஞ்சின் தோலில் முட்டை வைக்கிறது. பொரித்த புழு இளஞ்சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்க அது நுழைந்த வழி தூர்ந்துவிடுகிறது. பருப்பைத் தின்று வளரும் புழு அங்கேயே வண்டாகிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். வெளியேறும் வண்டுகள் அடுத்த பூப்பருவம் வரை மரப்பட்டை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்கும்.

பழ ஈ வருவது அறுவடை நெருங்கும்போது. முற்றிய காயின் தோலுக்கு அடியில் ஊசி குத்தியதுபோல் முட்டையைச் செலுத்திவிடும். குத்திய இடத்தில் கறுத்த புள்ளி தெரியும், சில சமயம் பிசினும் கசியும். உள்ளே நெளியும் வெண்புழுக்களால் சதை கூழாகி, பழம் அழுகி உதிரும். பிறகு புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகின்றன.

இரண்டிலுமே சேதம் கண்ணில் பட்டபின் மருந்தடிப்பது வீண்செலவு, ஏனென்றால் புழு மருந்து எட்டாத இடத்தில் இருக்கிறது. பூச்சி வெளியே நடமாடும் பருவத்தில்தான் அதை மடக்க முடியும்.

பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி கைகொடுக்கும். அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் தேடிவந்து சிக்குவதால், பெண் ஈக்களுக்கு இணை கிடைப்பது குறைகிறது. காய் முற்றத் தொடங்கும் முன்பே பொறியைக் கட்டிவிட வேண்டும். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும், மரத்தடி மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை வெயிலில் காயவிடுவதும் அதே அளவு முக்கியம். கூன்வண்டுக்கும் தோப்புச் சுத்தமே முதல் மருந்து: உதிர்ந்த காய்களையும் கொட்டைகளையும் அப்புறப்படுத்த வேண்டும்.

அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் அது தண்டுத் துளைப்பானின் அடையாளம். துளைக்குள் கம்பியை விட்டுப் புழுவை இழுத்தெடுத்து, மருந்து நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைப்பது வழக்கம். பூங்கொத்துகள் பிசுபிசுத்து, இலைகளில் கரும்படலம் படர்ந்தால் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சுகிறது என்று பொருள். கிளைகள் நெருங்கி வெயில் புகாத தோப்பில் அது பெருகும். கவாத்து செய்தால் குறையும். பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் மருந்தடித்தால், மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்தே மடியும்.

இந்தச் சிறு பூச்சிகள் வணிகத்தையே நிறுத்தியிருக்கின்றன. பழ ஈ காரணமாக 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தது; மறு ஆண்டுதான் விலக்கியது. அமெரிக்கச் சந்தை 2007-ல் மீண்டும் திறந்தபோது, பழங்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

பழ ஈக்கு வேலி கிடையாது. ஒருவர் தோப்பைக் கூட்டிச் சுத்தம் செய்து, பக்கத்துத் தோப்பில் பழம் அழுகிக் கிடந்தால் பலன் பாதிதான். ஆகவே ஊரில் மாந்தோப்பு வைத்திருப்போர் எல்லோரும் பேசிவைத்து, ஒரே வாரத்தில் பொறி கட்டுங்கள்.