நான்கு முழத்துக்கு அப்பால்

சமூகம் தள்ளி வைத்த பிறகும் கடவுளைத் தேடிய ஸ்பினோசா

1656-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி. ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம். அங்கே போர்த்துக்கீசிய யூதர்களின் ஜெபாலயத்தில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. 23 வயது வாலிபர் ஒருவர் அந்தச் சமூகத்திலிருந்து அடியோடு விலக்கப்பட்டார்.

இரவு, பகல் எந்த நேரமும் அவர் சாபத்துக்கு உரியவர் என்றது தீர்ப்பு. யாரும் அவரோடு பேசக்கூடாது, கடிதமும் எழுதக்கூடாது. எந்த உதவியும் செய்யக்கூடாது. ஒரே கூரையின் கீழ் அவரோடு தங்கக்கூடாது. நான்கு முழ தூரத்துக்குள் அவரை நெருங்கக்கூடாது. அவர் எழுதிய எதையும் படிக்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாலிபர் அதுவரை ஒரு புத்தகம்கூட வெளியிட்டிருக்கவில்லை!

அவர்தான் பாருக் ஸ்பினோசா. பிற்காலத்தில் உலகம் போற்றிய தத்துவஞானி. ஹீப்ரு மொழியில் பாருக், வீட்டில் பேசிய போர்த்துக்கீசிய மொழியில் பெந்தோ, லத்தீனில் பெனடிக்டஸ். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: ஆசி பெற்றவன். ஆசி பெற்றவன் என்று பெயர் வைத்தவர்களின் சமூகமே அவரைச் சபித்து அனுப்பியது.

ஏன் இந்தக் கடுமை?

அந்தச் சமூகத்தைக் கொடியது என்று எண்ணிவிடக்கூடாது. அது அடிபட்ட சமூகம். 1492-ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியது. போர்ச்சுகலில் 1497-ல் அவர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினார்கள். 1536-ல் அங்கே மத விசாரணை மன்றம் வந்தது. ரகசியமாக யூத மத அனுஷ்டானங்களைச் செய்பவர்கள் அகப்பட்டால், நெருப்பில் கொளுத்தப்படுவதும் உண்டு. தப்பிப் பிழைத்த குடும்பங்கள் பல ஹாலந்துக்கு வந்து சேர்ந்தன. ஸ்பினோசாவின் குடும்பமும் அப்படி வந்ததுதான்.

நூறு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த மதத்தை அவர்கள் ஆம்ஸ்டர்டாமில் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உணவு, ஓய்வுநாள், திருமணம் எல்லாவற்றிலும் கட்டுப்பாடு இறுக்கமாயிற்று. இன்னொரு பயமும் இருந்தது. 'நாத்திகர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள்' என்ற பெயர் வந்துவிட்டால், இடம் கொடுத்த ஊரே துரத்திவிடுமோ என்ற பயம்! ஆகவே கட்டுப்பாட்டை மீறியவர்களைத் தள்ளி வைப்பது அங்கே சாதாரணமாக நடந்தது. அநேகமாக எல்லோரும் மன்னிப்புக் கேட்டோ, அபராதம் கட்டியோ திரும்பச் சேர்ந்துகொண்டார்கள்.

ஸ்பினோசா மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் செய்த குற்றம் இன்னது என்று தீர்ப்பில் விவரம் இல்லை. பின்னால் அவர் எழுதிய நூல்களைக்கொண்டு ஊகிக்கலாம். வேதம் கடவுள் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது அல்ல, பல காலத்தில் பல மனிதர்கள் எழுதியது என்றார் அவர். கடவுள் ஒரு ஜாதியாரை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் அவர் ஏற்கவில்லை.

வெளியே நம்பிக்கையுள்ளவர்போல் ஜெபாலயத்துக்கு வந்துபோனால் ஆண்டுக்கு 1,000 கில்டர் தருவதாக ஆசை காட்டினார்களாம். பத்தாயிரம் கொடுத்தாலும் அந்த வேஷம் போடமாட்டேன் என்று அவர் மறுத்தாராம். 1705-ல் அவருடைய வரலாற்றை வெளியிட்ட கொலேரஸ் என்ற லூதரன் பாதிரியார் இதைச் சொல்கிறார்.

முன்னால் போனவரின் கதி

தள்ளி வைக்கப்பட்டவன் எங்கே போவான்? அந்தக் காலத்தில் மதம் என்பது கோயிலுக்குப் போவது மட்டுமல்ல. வியாபாரம், உறவு, கலியாணம், கடைசியில் புதைக்க ஆறடி நிலம், எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதற்கு ஒரு பயங்கர உதாரணம் அதே ஊரில் இருந்தது. உரியேல் ட கோஸ்டா என்பவர் போர்ச்சுகலில் கத்தோலிக்கராகப் பிறந்து, யூத மதத்தைத் தேடி வந்தவர். வந்த இடத்தில் மத குருமார்களின் விதிகளை எதிர்த்தார். விலக்கப்பட்டார். ஆண்டுக்கணக்கில் தனிமையில் வாடினார். தாங்க முடியாமல் பணிந்தார். ஜெபாலயத்தில் 39 கசையடி கொடுத்தார்கள். பிறகு அவரை வாசற்படியில் படுக்கவைத்து, எல்லோரும் தாண்டிச் சென்றார்கள். 1640-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது ஸ்பினோசாவுக்கு 7 வயது.

பணிந்து உள்ளே போனால் அவமானம். வெளியே நின்றால் தனிமை. மூன்றாவது வழி ஒன்று இல்லையா?

பாதிரியார் இல்லாத சபை

இருந்தது. அதைக் காட்டியவர்களும் ஒரு விதத்தில் விலக்கப்பட்டவர்களே.

1618-19-ல் டோர்ட் நகரில் ஹாலந்தின் கிறிஸ்தவ சபை கூடி, கொள்கை மாறுபட்ட போதகர்களை நீக்கியது. பல ஊர்களில் மக்கள் பாதிரியார் இல்லாமல் நின்றார்கள். லைடன் நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் சிலர், 'பாதிரியார் இல்லாவிட்டால் என்ன, நாமே கூடுவோம்' என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் வேதத்தை வாசிப்பார். மனத்தில் பட்டதை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். இதை நம்பினால்தான் உள்ளே வரலாம் என்ற நிபந்தனை கிடையாது. இவர்களுக்குக் 'கொலீஜியண்டுகள்' என்று பெயர். ரைன்ஸ்பர்க் என்ற கிராமம் இவர்களுடைய மையமாயிற்று. ஆம்ஸ்டர்டாமிலும் கூட்டம் நடந்தது.

யாரிக் யெல்லெஸ், பீட்டர் பாலிங், சைமன் டி விரீஸ், புத்தக வியாபாரி யான் ரீவர்ட்ஸ் ஆகியோர் இந்த வட்டாரத்து நண்பர்கள். யெல்லெஸ், பணத்தைவிட ஞானமே பெரிது என்று வியாபாரத்தை விட்டவர். இவர்கள் ஸ்பினோசாவை நான்கு முழத்துக்கு அப்பால் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

1661-ல் ஸ்பினோசா ரைன்ஸ்பர்க்கிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார். பூதக்கண்ணாடிக்கும் தூரதரிசினிக்கும் வேண்டிய லென்ஸ்களைத் தேய்ப்பது அவருடைய தொழில். மற்ற நேரத்தில் படிப்பும் எழுத்தும். அவர் எழுதி அனுப்பும் பகுதிகளை ஆம்ஸ்டர்டாம் நண்பர்கள் கூடிப் படித்து, புரியாத இடங்களைக் கடிதத்தில் கேட்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பினோசா ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஒரு மதத்தை விட்டவர் இன்னொரு மதத்தில் சேர்ந்தே தீரவேண்டும் என்ற வழக்கத்தை அவர் மீறினார். அந்த நண்பர்களும் அவரைச் சேரும்படி வற்புறுத்தவில்லை.

அவர் கண்ட கடவுள்

ஸ்பினோசாவின் கடவுள் ஆகாயத்தில் சிம்மாசனம் போட்டு நீதி வழங்குபவர் அல்ல. இருப்பது ஒரே பொருள். அதையே கடவுள் என்றும் சொல்லலாம், இயற்கை என்றும் சொல்லலாம். நாமும் மரமும் மலையும் அதன் வெளிப்பாடுகளே. இதை அறிவால் உணரும்போது பயமும் பொறாமையும் குறைந்து, கடவுளிடம் ஓர் அன்பு பிறக்கிறது. நல்லவனாக வாழ்வதற்குக் கூலியாகப் பேரின்பம் பிறகு கிடைப்பதில்லை; நல்ல வாழ்வே பேரின்பம். 'எதிக்ஸ்' என்ற நூலில் அவர் சொல்லும் கருத்தின் சாரம் இது.

வீட்டுக்கார அம்மாள் கேட்ட கேள்வி

கடைசி ஆண்டுகளில் அவர் ஹேக் நகரில் வான் டெர் ஸ்பைக் என்ற ஓவியரின் வீட்டில் குடியிருந்தார். வெண்ணெய் போட்ட பால் கஞ்சி ஒரு கிண்ணம், பீர் ஒரு குவளை. இதோடு சில நாட்கள் கழிந்துவிடும். நண்பர் டி விரீஸ் ஒரு சமயம் 2,000 கில்டர் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றார். டி விரீசின் மறைவுக்குப் பின் அவருடைய சகோதரர் ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தார். 300 போதும் என்று ஸ்பினோசா குறைத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர்கள் லூதரன் கிறிஸ்தவர்கள். அவர்கள் கோயிலிலிருந்து திரும்பியதும், இன்று என்ன பிரசங்கம் என்று ஸ்பினோசா விசாரிப்பார். வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் கேட்டாள்: 'என் மதத்தில் இருந்தால் எனக்குக் கதி உண்டா?'

பெரிய பெரிய பாதிரியார்களோடு வாதம் செய்யக்கூடியவர் அவர். அந்த எளிய பெண்ணின் நம்பிக்கையை ஒரு வார்த்தையில் குலைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உங்கள் மதம் நல்லது. பக்தியோடும் சாந்தத்தோடும் வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்று பதில் சொன்னாராம்.

மதத்தால் காயப்பட்டவர் பிறர் மதத்தைக் காயப்படுத்தவில்லை. தள்ளி வைக்கப்பட்ட எல்லோருக்கும் கைகூடாத வெற்றி இது.

1670-ல் அவர் பெயரில்லாமல் வெளியிட்ட வேத ஆராய்ச்சி நூலை 1674-ல் ஹாலந்து தடை செய்தது. இடையில் 1673-ல் ஹைடல்பர்க் சர்வகலாசாலை ஆசிரியர் பதவி தர அழைத்தது. நாட்டின் மதத்துக்குக் குழப்பம் விளைவிக்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த எல்லை எதுவரை என்று தெரியவில்லையே என்று அவர் மறுத்துவிட்டார்.

1677 பிப்ரவரி 21-ந் தேதி, 44-வது வயதில், நுரையீரல் நோயால் ஸ்பினோசா காலமானார். அவருடைய எழுத்துமேஜை கையெழுத்துப் பிரதிகளோடு ஆம்ஸ்டர்டாமில் ரீவர்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. நண்பர்கள் அதே ஆண்டில் நூல்களை அச்சிட்டார்கள். 'எதிக்ஸ்' அப்போதுதான் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் யெல்லெஸ்.

தீர்ப்பு மாறியதா?

1953-ல் இஸ்ரேலின் தலைவர் பென்குரியன், ஸ்பினோசாவுக்கு இழைத்த அநீதியைத் திருத்த வேண்டும் என்று எழுதினார். அவர் அடக்கம் செய்யப்பட்ட ஹேக் நகர தேவாலயத்தின் பின்புறம் 1956-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். அதில் ஹீப்ருவில் ஒரே ஒரு சொல் பொறித்திருக்கிறது. 'உன் மக்கள்' என்று அதற்குப் பொருள். ஆனால் 2015-ல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அறிஞர்களைக் கூட்டி விவாதித்தபோது, அதன் மத குரு தடையை நீக்க இணங்கவில்லை.

ரைன்ஸ்பர்க்கில் அவர் தங்கிய சிறிய வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. 1920-ல் அங்கு வந்து விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்திட்டார் ஐன்ஸ்டீன். 1929-ல், நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா என்று ஒரு யூத குரு கேட்டபோது, ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்று பதில் அனுப்பியவரும் அவரே. கொலீஜியண்டுகளின் சபை 18-வது நூற்றாண்டின் இறுதியில் மறைந்துவிட்டது. ஆனால் வழி தெரியாமல் நின்ற ஒரு வாலிபரை, 'உன் நம்பிக்கை என்ன?' என்று கேட்காமல் வரவேற்ற புண்ணியம் அவர்களுக்கு உண்டு.