ஹெட்போனுக்குத் தனி ஆம்ப் வேணுமா?

ஸ்டுடியோ ஹெட்போன் வாங்கினால் தனியா ஒரு ஆம்பும் வாங்கியாகணும் என்று பலரும் சொல்கிறார்கள். பர்ஸைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம் மாடல். "ஆம்ப் இல்லாம ஓடாது" என்று பேர் வாங்கியது. ஒரு மில்லிவாட் பவருக்கு 96 டெசிபெல் சத்தம் தரும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். அதன்படி அரை வோல்ட் கொடுத்தால் ஒரு மில்லிவாட், 96 டெசிபெல். ஒரு வோல்ட் என்றால் நாலு மில்லிவாட், 102 டெசிபெல். சாதாரண யூஎஸ்பி டாங்கிள்கள் பலவும் இந்த அரை முதல் ஒரு வோல்ட் வரை தருகின்றன.

இது போதுமா? சராசரி 80 டெசிபெலில் கேட்கிறோம் என்று வைப்போம். வாரத்துக்கு 40 மணி நேரம்தான் அதற்கு எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். திடீர் டிரம் அடிக்கு இன்னொரு 20 சேர்த்தாலும் 100தான். ஒரு வோல்ட் தாராளம். அரை வோல்ட் கொஞ்சம் இழுக்கும்.

ஹைஃபைமேன் ஹெச்இ-6 கதை வேறு. ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான். அதே சத்தத்துக்குச் சுமார் 18 மடங்கு பவர் வேணும். அதற்கு ஆம்ப் அவசியம்.

"ஆம்ப் போட்டதும் தெளிவா கேட்குதே!" என்பீர்கள். சத்தம் துளி கூடினாலே காது அதை 'நல்லா இருக்கு' என்றுதான் எடுத்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் இரண்டின் வோல்ட்டையும் சமமாக்கி, எது எதென்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். வால்யூம் முழுசா வைத்தும் போதாதபோதுதான் ஆம்ப் வாங்கணும் என்பது என் கட்சி.