ஓப்பரேஷனுக்கு முன்னால் கேட்கும் கேள்விகள்

ஓப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றதும் வீடே கலங்கிப் போகிறது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறோம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அதற்கு முன்னதாக வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போகும்படி ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இன்னொரு தேதியை நம் தோட்டத்து மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ரத்தம் எடுப்பாங்க, அனுப்பிடுவாங்க, அவ்வளவுதானே" என்பார்கள்.

அவ்வளவுதான் என்று இருந்துவிடக் கூடாது. அன்றைக்கு நம்மைப் பார்ப்பவர் பெரும்பாலும் மயக்கம் கொடுக்கும் டாக்டர். கார்டில் 'பியுஸ்' என்ற மலாய்ச் சொல் இருந்தால் அது மயக்க மருந்தைக் குறிக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். வெட்டித் தைப்பவர் வேறொருவர். நாம் நினைவில்லாமல் கிடக்கும் நேரம் முழுவதும் நம் மூச்சையும் நாடித்துடிப்பையும் காப்பவர் இவர். அதனால்தான் இத்தனை கேள்வி கேட்கிறார்.

சோதனைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். வயதானவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் இ.சி.ஜி. எடுப்பார்கள். சிலருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எடுத்த எக்ஸ்ரேயை எனக்கு எடுக்கவில்லையே என்று மனக்குறைப்பட வேண்டியதில்லை. ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துச் சில வாரம் தள்ளிப்போடுவதும் உண்டு. அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது.

"வாயை நல்லா திறங்க" என்பார். பல்லைப் பார்க்கிறார் என்று நாம் நினைப்போம். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் விட வேண்டியிருக்கும். ஆடும் பல் இருந்தால் அது பெயர்ந்து உள்ளே போய்விடலாம். கட்டுப்பல்லைக் கழற்றிவிட வேண்டும். பல வருடம் வெற்றிலை பாக்கு போட்ட பாட்டிகளில் சிலருக்குக் கன்னத்துச் சதை இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. அதற்குக் காரணம் பாக்கு. இது முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் வேறு வழியில் குழாய் விட ஏற்பாடு செய்துகொள்வார். மேசையில் படுத்த பிறகு தெரிந்தால் ஆபத்து.

இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்றும் கேட்பார். லயத்தில் மாடி ஏது? "மேட்டு நிரையில குலை தூக்கிட்டு ஏறுவேன், ஒண்ணும் ஆகாது" என்றோ, "போன வருஷம் ஏறினேன், இப்ப பாதியிலேயே நெஞ்சை அடைக்குது" என்றோ நம் வேலையை வைத்தே சொல்லலாம். அவருக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து வருவது குடி. அங்கேதான் நம் ஆண்கள் மழுப்புவார்கள். பக்கத்தில் மனைவி இருப்பாள், "எப்பவாவது தீபாவளிக்கு" என்று ஒரு பொய். தினம் சம்சு குடித்த உடம்புக்கு மயக்க மருந்தின் அளவு மாறும். ஈரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதும் சிரமம். அதைவிட, வார்டில் இரண்டு மூன்று நாள் குடி இல்லாமல் கிடக்கும்போது கை நடுங்கி, ஆளைத் தெரியாமல் உளறத் தொடங்குவார். காத்து கருப்பு என்று வீட்டார் எலுமிச்சம்பழத்தோடு ஓடுவார்கள்! முன்பே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து உண்டு. மனைவிக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். சிகரெட்டை நான்கு வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டால் நெஞ்சுச் சளியும் காயமும் நல்லபடி ஆறும்.

மூட்டு வலிக்குப் பாசார் மாலத்தில் வாங்கும் ஜாமுவையும் மறைக்காதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும் உருண்டைகள் சிலவற்றில் ஸ்டிராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவருக்கு ஓப்பரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தினமும் போடும் மாத்திரைகளையும் அட்டையோடு பையில் எடுத்துப் போங்கள். கொதிப்பு மாத்திரையில் சிலவற்றை அன்று காலையிலும் போடச் சொல்வார்கள், சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். இனிப்பு நீருக்கான ஒருவகை மாத்திரையை மூன்று நான்கு நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைக்கும் தனிக் கணக்கு உண்டு.

மருந்து அடிக்கும் வேலை செய்யும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும். நாம் நெடுங்காலம் களைக்கு அடித்த பராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. இங்கே நான் சொல்வது பூச்சிக்கொல்லியை. அதில் ஒருவகை உடம்பில் ஏறியிருந்தால், தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஊசியின் வேகம் நெடுநேரம் இறங்காது. டாக்டருக்கு இது தானாகத் தெரியாது, 'தோட்ட வேலை' என்று மட்டும் எழுதிக்கொள்வார்.

கடைசியாகப் பட்டினி. 'புவாசா' என்று தாதி சொல்வது இதைத்தான். பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பரவாயில்லை என்றாலும், உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே கணக்கு. இதில் நம்மவர்கள் தவறுவது பால் தேத்தண்ணியில். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, ஒரு கிளாஸ் குடித்தால்தான் கை கால் ஓடும். "சோறா தின்னேன்? தேத்தண்ணிதானே!" பால் சேர்ந்தால் அதுவும் சாப்பாடுதான். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குடித்துவிட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சம்மதப் படிவம் மலாயில் இருந்தால், புரிகிற மொழியில் விளக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். தாலி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் என்ன செய்யலாம் என்று அன்றே தாதியிடம் கேட்டுக்கொள்ளலாம். நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்திக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தேங்காய் எண்ணெய் விட்டு வாருங்கள்.