ஒளியால் எழுதும் தொழில்

எமது ஊர்த் திருமண வீடுகளில், கழுத்தில் தொங்கும் கமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, குனிந்து மேலிருந்து பார்த்துப் படமெடுத்தவர்களைப் பெற்றோர் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பர். அக்கமராவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள் இருக்கும். மேல் வில்லை காட்சியைப் பார்ப்பதற்கு. கீழ் வில்லை படம் பதிவதற்கு. சுருள் பிலிமில் இயங்கிய இவ்வகைக் கமராக்களுக்கு முன்மாதிரியாக விளங்கிய ரோலைஃபிளெக்ஸ் 1929 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய நிறுவனம் 1920 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நகரம், ஹனோவரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிரவுன்ஷ்வைக். நாம் இந்நாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, இம்மாநிலத்தின் கைவேலை எமது மணப்பந்தல்களுக்குள் நுழைந்துவிட்டது!

இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் தொலைபேசி வடிவில் ஒரு கமரா இருக்கின்றது. அப்படியாயின் ஒளிப்படம் எடுப்பதனைத் தொழிலாகக் கொண்டோர் இனியும் வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காண, அத்தொழில் உண்மையில் எதனைச் செய்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இருட்டறையில் நிகழ்ந்தது

ஐரோப்பிய மொழிகளில் ஒளிப்படத்துக்கு வழங்கும் பெயர், ஒளி, எழுத்து எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. பிலிமின் மீது வெள்ளிச் சேர்மத்தின் நுண்மணிகள் பூசப்பட்டிருக்கும். ஒளிபட்ட மணிகளை ஒரு மருந்துநீர் கருநிற வெள்ளியாக மாற்றும். ஒளிபடாத மணிகளை மற்றொரு மருந்துநீர் கரைத்து அகற்றும். இறுதியாக ஓடும் நீரில் நெடுநேரம் அலச வேண்டும். "படம் கழுவுதல்" என்று எம்மவர் கூறியது இதனையே.

இந்த அலசலிலேதான் தொழிலாளியின் நேர்மை தங்கியிருந்தது. அவசரப்பட்டு அலசினால் மருந்தின் மிச்சம் தாளில் தங்கிவிடும். அன்றைக்குப் படம் அழகாகவே தோன்றும். வாடிக்கையாளரும் மகிழ்ந்து பணம் கொடுத்துச் செல்வார். பல ஆண்டுகள் கழிந்தபின் முகங்கள் மஞ்சளித்து மங்கும்போதே குறை வெளிப்படும். பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் அறுபது ஆண்டுகளின் பின்னும் தெளிவாக இருக்குமாயின், யாரும் பார்க்காத இருட்டறையில் ஒருவர் தம் கடமையைச் சரியாகச் செய்தார் என்பது பொருள்.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் எடுத்த வண்ணப்படங்கள் செந்நிறமாக மாறியிருப்பதனைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் கழுவியவரின் குற்றமன்று. அக்காலத் தாள்களிலிருந்த நீலப்பச்சைச் சாயம், மூடிய அல்பத்தின் இருளிலும்கூட மற்றைய சாயங்களைவிட விரைவாக மங்கக்கூடியது. அது மங்கவே சிவப்பு மேலோங்கியது.

காத்து வைத்தலும் கடமையே

படநிலையங்கள் நெகற்றிவ்களை இலக்கமிட்ட உறைகளில் பாதுகாத்தன. படம் தொலைந்தால் அந்த இலக்கத்தைக் கூறி மீண்டும் ஒரு பிரதி பெறலாம். எம்மில் பலர் கையில் ஒரு பையோடு புறப்பட்டு வந்தவர்கள். பாரம் என்று அல்பத்தை விட்டுவந்தோம். வீடு போனபோது அல்பமும் போயிற்று. படநிலையம் போனபோது அதன் மறுபிரதியும் போயிற்று. பெற்றோரின் திருமணக் கோலத்தை ஒரு முறையேனும் பார்த்தறியாத பிள்ளைகள் எம்மிடையே இருப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய இழப்பு நேர்ந்துள்ளது. அங்கு படநிலையங்களின் வரலாறு நீண்டது. தியடோர் கிளைன் என்ற ஜேர்மனியர்கூடச் சென்னையில் புகழ்பெற்ற படநிலையம் ஒன்றை நடத்தி வந்தார். பழைய நிலையங்கள் மூடப்பட்டபோது, கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் ஈரத்தாலும் பூசணத்தாலும் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடி, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு, 1880 முதல் 1980 வரையான தமிழ்ப் படநிலையப் படங்களை எண்ணிம வடிவில் பதிவு செய்துள்ளது. சாதாரண குடும்பங்களின் படங்களே இன்று வரலாற்றுச் சான்றுகளாகியுள்ளன.

முகம் யாருக்கு உரியது?

1898 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள், ஜேர்மனியின் முன்னாள் பேரரசு முதல்வர் பிஸ்மார்க் காலமானார். அன்றிரவே இரு ஒளிப்படக்காரர் அவ்வீட்டினுள் களவாக நுழைந்து, மரணப் படுக்கையிற் கிடந்தவரைப் படமெடுத்து, விற்க முயன்றனர். ஒருவரது உருவத்துக்கு அவரே உரியவர் எனக் கூறும் சட்டம் அப்பொழுது இல்லை. ஆதலால், அத்துமீறி நுழைந்ததனையே காரணமாகக் கொண்டு நீதிமன்றம் அப்படத்தைத் தடுத்தது. இக்குறையை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் நிவர்த்தி செய்தது. ஒருவரின் படத்தை அவருடைய இணக்கமின்றிப் பரப்புதலோ பொதுவிற் காட்டுதலோ கூடாது என்பது அதன் விதி. பொதுக்கூட்டங்கள், ஊர்வலங்கள் முதலியவற்றின் படங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. இவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. சிறுவர்களாயின் பெற்றோரின் இணக்கம் வேண்டும். எமது ஆண்டு விழாப் படங்களைத் தொலைபேசி வழியே எங்கும் அனுப்புவோர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

இத்தொழிலுக்கு வரும் வழி

ஜேர்மனியில் ஒளிப்படத் தொழில் ஒரு கைவினைத் தொழிலாகக் கொள்ளப்படுகின்றது. பயிற்சிக்காலம் மூன்று ஆண்டுகள். பயிலுநர் படநிலையத்தில் வேலை பழகுவதோடு தொழிற்பாடசாலைக்கும் செல்வார். உருவப்படம், விற்பனைப் பொருட்கள், தொழிற்சாலையும் கட்டடமும், அறிவியல் என்பவற்றுள் ஒன்றிற் சிறப்புத் தேர்ச்சி பெறலாம். 2004 ஆம் ஆண்டு முதல், மைஸ்டர் சான்றிதழ் இல்லாமலும் சொந்த நிலையம் தொடங்கலாம்.

செய்திப் படத்துறையை நாடும் மாணவர் தூரம் செல்ல வேண்டியதில்லை. எமது நகரின் ஹனோவர் உயர்கல்லூரியில் ஒளிப்பட இதழியலும் ஆவணப்படமும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. இளம் செய்திப்படக் கலைஞர்களுக்கான லூமிக்ஸ் விழா 2008 ஆம் ஆண்டில் இங்குதான் தொடங்கியது. அனுமதி பெறத் தாமே எடுத்த படங்களின் தொகுப்பைக் காட்ட வேண்டும். எனவே கமராவுக்கு முன்பே கண்ணைப் பழக்குதல் அவசியம்.

வருமானம் இத்தொழிலில் நிலையானது என்று கூறுவதற்கில்லை. அக்பா ஃபோட்டோ நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும், கொடாக் 2012 ஆம் ஆண்டிலும் கடனிறுக்க முடியாமல் நீதிமன்றத்தை நாடின. கேர்ள்ன் நகரில் 1950 முதல் நடந்துவந்த ஃபோட்டோகீனா கண்காட்சியும் 2018 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பிலிம் விற்றுப் பிழைத்தோர் நலிந்தனர். ஆயினும் ஒளியை அறிந்து, மனிதரை மதித்து, எடுத்த படத்துக்குப் பொறுப்பேற்போரின் தேவை நின்றுபோகவில்லை. தொழில் என்பது பொத்தானை அழுத்துவதன்று. பிறர் நம்பித் தந்த முகத்தைக் காப்பதாகும்.

மாணவச் செல்வங்களே! அன்று படநிலையக்காரர் ஏற்ற பொறுப்பு இன்று உங்கள் கைக்கு வந்துள்ளது. வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துக்கொண்டு அம்மம்மா, அப்பப்பாவின் அருகில் அமருங்கள். படத்திலிருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். மென்மையான பென்சிலால் பின்புறத்தில், அழுத்தாது, தமிழில் எழுதுங்கள். பிரதி எடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பெயர் தெரியாத படம் வெறும் தாள். பெயர் சொல்லக்கூடியவர்கள் எம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.